கலாராணியின் அலுமாரி

கண்டி மாநகரின் வாவியில் காலைக்கதிர் படிந்து, கரைமரங்களின் நிழலும் மாளிகைச் சுவர்களின் வெண்மையும் நீரில் ஒருசேர அசையும் வேளையில் அங்கிருந்து புறப்படும் பேருந்து, வத்தேகம நகரையும் பன்வில நகரையும் பின்னே விட்டு, வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கி, மடுல்கெல்லச் சரிவுகளை எட்டும்போது, அறிவுசால் நண்பரே, காற்றும் ஒளியும் வேறாகிவிடும். மேலே தும்பறை மலைகள் முகிலைப் போர்த்தபடி எழுந்திருக்க மனமின்றிக் கிடக்கும். கீழே தேயிலைச் செடிகள் வரிவரியாய் ஏறியிறங்கும். நடுவே, ஒரே கூரையின்கீழ்ப் பல குடும்பங்களைப் பக்கம் பக்கமாய் அடுக்கிய நீண்ட குடியிருப்பொன்று தோன்றும். லயம் என்பது அதன் பெயர். அங்கே ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் மறுகோடி வீட்டாருக்கும் பசியெடுக்கும். ஒருவர் தும்மினால் சுவருக்கு அப்பாலிருந்து நலம் கேட்பார்கள்.

அந்த லயத்தின் கடைசி வீட்டில், கணவனை இழந்தபின் கொழுந்து பறித்தே மகளை வளர்த்துவந்தாள் இராஜேஸ்வரி. அவளுடைய ஒரே மகள் கிருஷாந்தி. தோட்டத்துப் பள்ளியில் கணக்குச் சொல்லித்தர ஆளில்லாத குறையை, நாள்தோறும் மலையிறங்கி அயலூருக்கு நடந்து தீர்த்துக்கொண்ட அப்பெண், உயர்தரத் தேர்வில் சிறந்து தேறி, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயில இடமும் பெற்றிருந்தாள். இடம் கிடைத்ததே ஒழிய, தங்கவும் உண்ணவும் நூல் வாங்கவும் வழி கிடைக்கவில்லை. கொழும்புத் துணிக்கடை ஒன்றில் அவளுக்கு வேலை பேசி வைத்திருந்தார் உறவினர் ஒருவர். வரும் திங்களன்று அவள் அந்தக் கடைக்குப் போவாளா, பேராதனைக்குப் போவாளா என்பதை முடிவு செய்ய, கண்டியிலிருந்து இருவர் அன்று வந்துகொண்டிருந்தனர்.

கண்டிக் கடைத்தெரு வணிகரும், அம்மலைநாட்டில் பிறந்து கடல்கடந்து வாழ்வோரும் கூடி, வறிய மாணவருக்கென ஒரு கல்விக்கொடையை நிறுவியிருந்தனர். அதைப் பெறுவோர் விடுமுறைதோறும் ஊர் திரும்பி, தாம் கற்றதை அங்குள்ள சிறாருக்குக் கற்பிக்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்ட கைம்மாறு. கொடுக்குமுன் மாணவரின் வீட்டை நேரில் பார்ப்பார்கள். இங்கேதான், நண்பரே, வந்தது வினை. வீடு பார்க்க வருகிறார்கள் என்றால் அந்த லயத்தாருக்குத் தெரிந்த பொருள் ஒன்றே. அது பெண் பார்க்க வருவது. அப்படி எவரேனும் வந்தால், எல்லா வீடுகளும் தம்மை வெறுமையாக்கிக்கொண்டு அந்த ஒரு வீட்டை நிரப்பும். தங்கள் லயத்துப் பெண் எவர்முன்னும் தாழ்ந்துவிடக் கூடாது என்பது வழிவழியாக அவர்கள் காத்துவந்த மானம். இந்த ஏற்பாட்டை மகளிடம் சொன்னால் தடுத்துவிடுவாள் என்று அஞ்சிய இராஜேஸ்வரி, விருந்தினரை அழைத்துவர அவளைப் பேருந்து நிறுத்தத்துக்கு விடியலிலேயே அனுப்பிவிட்டாள்.

வந்தவர் ரபீகா என்னும் ஓய்வுபெற்ற ஆசிரியையும், கொடையின் கணக்கைப் பார்க்கும் அவருடைய மருமகன் அஹ்னாபும். வழுக்கும் படிகளில் அவர்களைக் கைபிடித்து ஏற்றி, தன் வீட்டுக்கதவைத் திறந்த கிருஷாந்தி, வேறு வீட்டுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று ஒருகணம் திகைத்து நின்றாள். தரையில் கோயில் குழுவின் சிவப்புக் கம்பளம். மூலையில் யாரோ ஒருவரின் மகன் வளைகுடாவிலிருந்து அனுப்பிய தொலைக்காட்சிப் பெட்டி. அதனருகே குளிர்ப்பெட்டி ஒன்று, செருகுவதற்கு இடமில்லாத தன் மின்கம்பியை அடக்கமாகச் சுருட்டிக்கொண்டு நின்றது. நடுவே கங்காணி கறுப்பையாவின் மெத்தை நாற்காலி. அதன் ஒரு காலில் கம்பி சுற்றியிருப்பது அவளுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த வீட்டுக் கலாராணி சீதனமாகக் கொண்டுவந்த, இரட்டைக் கதவும் ஆளுயரக் கண்ணாடியும் கொண்ட மாபெரும் அலுமாரி, பின்சுவரை முழுதும் மறைத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாரைப்போல் விறைத்து நின்றது.

"வாங்கம்மா, உட்காருங்க," என்று பூரித்த முகத்தோடு வரவேற்றாள் இராஜேஸ்வரி. பொன்விளிம்பிட்ட கோப்பைகளில் தேநீர் வந்தது. கறுப்பையாவின் நாற்காலியில் அமர்ந்த ரபீகா, அலுமாரியைப் பார்த்தார், குளிர்ப்பெட்டியைப் பார்த்தார், அஹ்னாப் அவரைப் பார்த்தான். கேள்விகள் சுருங்கின. தேநீர் தீர்ந்ததும், அவர் கிருஷாந்தியின் கையைப் பற்றிக்கொண்டு மென்மையாகச் சொன்னார்:

"மாஷா அல்லாஹ், வீடு நல்லா நிறைஞ்சி இரிக்கி மகள். கெட்டிக்காரப் புள்ள நீங்க. ஆனா எங்கட கையில இரிக்கிறது கொஞ்சம்; ஒண்டுமே இல்லாத புள்ளைக்குத்தான் குடுக்கோணும். மனசுல எடுக்க வாணாம்."

அவர் சொன்னதன் பொருள் இராஜேஸ்வரிக்குச் சற்றுத் தாமதமாகவே புரிந்தது. புரிந்ததும் அவள் முகம் வெளுத்தது. கிருஷாந்தியோ இரு முள்ளுக்கு நடுவே நின்றாள். வாய் திறந்தால் தாயின் மானம் போகும். வாசலில் எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கும் அத்தனை பேரின் மானமும் போகும். திறவாவிட்டால் திங்களன்று துணிக்கடை. அந்தத் துணிக்கடையைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள். ஆனால் தனக்காக எல்லோரும் தூக்கிச் சுமந்தது தனக்கே தடையாயிற்று என்று அவர்கள் காலமெல்லாம் நெஞ்சு குமைவதை எப்படித் தாங்குவாள்? அதை எண்ணியதும் அவளுக்குத் துணிவு வந்தது.

"டீச்சர், கொஞ்சம் இருங்க," என்றாள். "இந்தச் சாமான் ஒண்ணும் எங்களோடது இல்லைங்க. நீங்க குடிச்ச கோப்பைகூட இல்ல. ஆனா இதையெல்லாம் குடுத்தவங்க எங்களோட ஆளுங்க. எங்கம்மா பொய் சொல்லல. எங்களுக்கு யார் யார் இருக்காங்கன்னு காட்டியிருக்காங்க."

வாசலில் நின்றவர்களுள் முதலில் அசைந்தவர் கறுப்பையா. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்து, கைகட்டி நின்று, "தப்பா நினைக்காதீங்கம்மா, அந்தக் கதிரை என்னோடது. கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா எடுத்துக்குவேன்," என்றார். ரபீகா எழுந்தார். நாற்காலி வெளியேறியது. அவர் பின்னால் ஒருத்தி வந்து கோப்பைகளைத் தன் மகள் கலியாணத்துக்கு வாங்கியவை என்று சொல்லி அடுக்கிக்கொண்டாள்; இருவர் வந்து குளிர்ப்பெட்டியை அணைத்துத் தூக்கினர்; கம்பளம் சுருண்டு கோயிலுக்குப் புறப்பட்டது. "அலுமாரி என்னோட சீதனம்மா," என்று பெருமையோடு அறிவித்த கலாராணி, அதைத் தூக்க நால்வரை ஏவி, கண்ணாடி பத்திரம், கண்ணாடி பத்திரம் என்று முன்னும் பின்னும் ஓடினாள். அது வாசலில் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தபோது, அஹ்னாப் தன் சட்டைக்கையை மடித்துக்கொண்டு ஒரு முனையைப் பிடிக்க ஓடினான். யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது; இராஜேஸ்வரியே முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் போனபின் அந்த வீட்டில் எஞ்சியவை ஒரு பாயும், கரிபிடித்த அடுப்பும், அதனருகே இரு தகரக் கோப்பைகளும், அலுமாரி இதுகாறும் மறைத்திருந்த சுவரோரம் கவிழ்த்துப் போட்ட பழைய தேயிலைப் பெட்டியும், அதன்மேல் கிருஷாந்தியின் கணக்கு நூல்களும்தாம். ரபீகா அந்தப் பாயில் கால்மடித்து அமர்ந்தார்.

"இப்பதான் நான் ஒங்கட வீட்டுக்கு வந்தேன்," என்றார். "இன்னொரு கோப்பைத் தேத்தண்ணி தாங்க. ஒங்கட கோப்பையில."

பிறகு கிருஷாந்தியை நோக்கி, "திங்கக்கிழமை பேராதனைக்குப் போக ஆயத்தமாகுங்க மகள். நாங்க ஒரு புள்ளைக்குக் குடுக்கிறோமெண்டுதான் நினைச்சி வந்தது. இந்த லயமே படிக்க ஆசப்படுது," என்றார்.

கிருஷாந்தி போனாள், படித்தாள், விடுமுறைதோறும் திரும்பி வந்து, கோயில் மண்டபத்தில் அதே சிவப்புக் கம்பளத்தை விரித்துச் சிறுவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். பட்டம் பெற்றபின் தோட்டத்துப் பள்ளிக்கே கணித ஆசிரியையாக வந்து சேர்ந்தாள். அவளிடம் பயின்றவர்களில் ஒருவன் பொறியியலுக்குப் போனான், ஒருத்தி செவிலியப் பயிற்சிக்குப் போனாள். முன்பெல்லாம் கொழும்புக் கடைகளைப் பற்றியே பேசிய பிள்ளைகள் இப்போது பேராதனைப் பேருந்து எப்போது வரும் என்று கேட்கலாயினர். கலாராணியின் மகள் நிலூஷா அறிவியல் பயிலத் தேர்வானபோது, அவள் வீட்டைப் பார்த்துவரக் கொடையாளர்கள் அனுப்பியது கிருஷாந்தியைத்தான்.

அவள் உள்ளே நுழைந்தாள், மீண்டும் திகைத்தாள். வீட்டில் துரும்பும் இல்லை. தொலைக்காட்சி இல்லை, நாற்காலி இல்லை, அந்தப் புகழ்பெற்ற அலுமாரியும் இல்லை. அது நின்ற இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. கலாராணி ஒரு கிழிந்த பாயின் நுனியில், வறுமையே உருவெடுத்தாற்போல் அமர்ந்திருந்தாள். கிருஷாந்தி வெளியே வந்து, அடுத்திருந்த தன் தாயின் வீட்டுக்கதவைத் தள்ளினாள். அங்கே நாற்காலிகளும் பெட்டிகளும் கூரைவரை குவிந்திருந்தன. அவற்றின் நடுவே அலுமாரிக் கண்ணாடியில், அடக்கமாட்டாத சிரிப்போடு அவளுடைய முகமே அவளைப் பார்த்தது. இராஜேஸ்வரி அலுமாரியின் பின்னே ஒளிந்திருந்தாள்.

"அன்னைக்கு நிறைச்சு வச்சுத்தானே தப்பாப் போச்சு," என்றாள் தாய், வெளியே வராமலே.

"கலாராணியக்கா," என்று வாசலை நோக்கி அழைத்தாள் கிருஷாந்தி, "அலுமாரியக் கொண்டுபோய் அதோட எடத்துல வைங்க. ஒரு அலுமாரியால யாரும் பணக்காரங்களாகல. நான் பார்க்க வந்தது நிலூஷாவை."

கண்டிக்குப் போய் அவள் எல்லாவற்றையும் சொன்னாள், அலுமாரியையும் சேர்த்தே சொன்னாள். முதுமையால் கண் மங்கியிருந்த ரபீகா கண்ணீர் வருமளவும் சிரித்தார். நிலூஷாவும் பேராதனைக்குப் போனாள். நிறைத்துக் காட்டவும் ஒளித்து வைக்கவும் தேவையின்றி, தம்மை உள்ளபடியே பார்க்கும் கண் ஒன்று தம்முள்ளிருந்தே எழுவதைவிட ஒரு சிற்றூருக்கு வேறென்ன பேறு வேண்டும், நண்பரே? அந்த லயத்துப் பிள்ளைகள் இன்றும் மலையிறங்கிப் போகின்றனர், கற்றுத் திரும்பி வருகின்றனர். அலுமாரி மட்டும், ஊரெல்லாம் சுற்றிக் களைத்தவரைப்போல, கலாராணியின் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதைத் தூக்கிச் சுமக்க இப்போது யாரும் வருவதில்லை.