துண்டுக்குள் எண்ணிய ஓட்டு

நாட்டின் தலைசிறந்த குடிமகன் யார் என்று தலைநகரத்திலிருந்து கேட்டிருந்தார்கள். எங்கள் சந்தையிலிருந்து ஒரே ஒரு பெயர் போகலாம். சங்கத் தலைவரான வெங்காய மண்டிக்காரர் படிவத்தில் தன் படத்தை ஏற்கெனவே ஒட்டிவிட்டுத்தான் கூட்டத்தையே கூட்டினார். அவ்வளவு அடக்கம்.

மிளகாய் மண்டி அக்கா காரியத்தைக் கெடுத்தார். "நம்ம சந்தையைக் கூட்டிப் பெருக்குற அம்மா பேரை அனுப்புங்க. கிடங்கு தீப்பிடிச்சப்போ பூட்டை உடைச்சு, மூட்டை தூக்குறவங்க பதினோரு பேரை வெளியே இழுத்துப் போட்டது அவங்கதானே?"

"அது என் பூட்டு!" என்றார் தலைவர். "கேஸ் இன்னும் நடக்குது. குற்றவாளியா உங்களுக்குச் சிறந்த குடிமகள்?"

"ஆளை உள்ளே வச்சு வெளியே பூட்டினது யாரு அண்ணே?"

"சரக்கு களவு போகுதேன்னு பூட்டினேன். நான் கட்டின பள்ளிக்கூடம் உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"உங்க பேர் போட்ட போர்டு மறைக்குது."

எழுந்த சிரிப்பு, தலைவர் முகத்தைப் பார்த்ததும் இருமலாக மாறியது.

ஓட்டுக்கு விடுவதென்று முடிவாயிற்று. எங்கள் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. தரகன் கைமேல் துண்டைப் போட்டு மூட, வியாபாரி அதனடியில் அவன் விரல்களைப் பிடித்து விலை சொல்வார். தரகன் நான். ஓட்டும் அப்படியே: தலைவருக்கு ஒரு விரல், அம்மாவுக்கு இரண்டு.

நான் துண்டை உதறும்போது தலைவர் என் காதருகே குனிந்தார். "அடுத்த வாரம் உன் தரகு லைசென்ஸைப் புதுப்பிக்க நான்தான் கையெழுத்துப் போடணும், தம்பி."

இருபத்து மூன்று கைகள். ஈரக் கை, காய்த்த கை, மஞ்சள் கறை படிந்த கை. தலைவரை வாயாரப் புகழ்ந்தவர்கள்கூட என் இரண்டு விரலை நசுக்கிவிட்டுப் போனார்கள்.

"அம்மாவுக்குப் பத்தொன்பது. தலைவருக்கு நாலு."

"புளுகுறான்! அந்த அம்மாவுக்குப் போட்டவங்க கையைத் தூக்குங்க, பார்ப்போம்."

அக்காவின் கை மட்டும் உயர்ந்தது. மற்றவர்களுக்குத் திடீரென்று கூரையில் ஏதோ சுவாரசியம்.

"யார் யாருன்னு சொல்லுடா!"

"இன்னைக்கு இதைச் சொன்னா, நாளைக்கு உங்க விலையையும் ஊருக்குச் சொல்வேன். பரவாயில்லையா?"

அவர் துண்டை ஒருமுறை பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆளைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். கணக்கையும் மாத்த மாட்டேன்" என்று லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தேன். "இந்தாங்க. பேனாவைக் கொடுங்க."

அவர் படத்தைப் பக்குவமாக உரித்து அவரிடமே கொடுத்துவிட்டு, அம்மாவின் பெயரை எழுதினேன். ஓட்டு எண்ணியவரின் தொழில் என்ற கட்டத்தில் 'தரகர்' என்று கொட்டை எழுத்தில் போட்டேன்.

"அடுத்த வாரம் அது பொய்யாயிடும்" என்றார் தலைவர்.

"இன்னைக்குத் தேதிதானே போட்டிருக்கேன், அண்ணே."