மூன்றாவது புள்ளி

ஒன்றுமே இல்லாத பிரபஞ்சத்தில் தூரத்தை அளந்து என்ன கிழிக்கப் போகிறீர்கள் என்று அவனிடம் அவன் சொந்த மாமனாரே கேட்டிருக்கிறார். கணவனும் மனைவியும் பல்கலைக்கழகத்தில் அதற்குத்தான் சம்பளம் வாங்கினார்கள். ஒரே அறை, எதிரெதிர் மேசை. வெறும் வெளியில் எடையில்லாத புள்ளிகளை வைப்பார்கள். ஒன்றிலிருந்து கிளம்பும் ஒளி இன்னொன்றில் பட்டுத் திரும்ப வேண்டும். ஒளி போய்வர ஆகும் நேரத்தில் பாதியை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம்.

வீட்டிலும் அதே விளையாட்டுதான். சமையலறையிலிருந்து அவன், "எவ்வளவு தூரம்?" என்று குரல் கொடுப்பான். "கிட்டத்துலதான்" என்று உடனே அவளிடமிருந்து பதில் வரும்.

பலகையில் வரைந்த மூன்று புள்ளிகளுக்குப் பெயர்கூட வைத்திருந்தார்கள். அவன், அவள், வயிற்றிலிருந்த குட்டிமணி. குட்டிமணி ஏழாம் மாதத்திலேயே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போய்விட்டாள். அதன்பின் வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. இப்போது அவள் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டாள். போகாதே என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை பற்றி மட்டும் வாய் ஓயாமல் பேசினான். மகா புத்திசாலி.

அன்று பல்கலைக்கழக அறையில் அவள் தன் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கட்டுரையைப் பரிசீலித்தவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்: மூன்று புள்ளிகளை வைத்தபின் அது எப்படிக் காலிப் பிரபஞ்சம்?

"பதில் எழுதிட்டேன், கேளு" என்று அவன் வாசித்தான். "புள்ளிகளுக்கு எடை கிடையாது. மூன்றாவதை எடுத்துவிட்டாலும் மற்ற இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் மாறாது."

வாசித்து முடித்த பிறகுதான் உறைத்தது. கொட்டிய சொல்லை அள்ள முடியுமா?

"எடுத்துப் பாத்தாச்சே" என்றாள் அவள், தலை நிமிராமல். "மாறலையா? நீங்களே சொல்லுங்க."

அவன் கணினியை மூடினான்.

"குட்டிமணியை ஒரே ஒரு தடவைதான் கையில குடுத்தாங்க" என்றான். "இன்னும் என்னால இறக்கி வைக்க முடியலை."

அவள் அழுதாள். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? நான் மட்டும்தான் தூக்கிட்டுத் திரியறேன்னு நெனச்சேனே."

அவன், "எவ்வளவு தூரம்?" என்று மெல்லக் கேட்டான்.

அவள் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே அளக்காதீங்க."

பெட்டி நிறைந்து மூடி விரிந்து நின்றது. அவள் ஒரு கையால் அழுத்தி, மறுகையால் டேப்பை இழுக்கத் தடுமாறினாள். அவன் எழுந்து போய் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவள் ஒட்டினாள்.