ஏழாவது கம்பத்து மஞ்சள்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு செய்த ஒரே உருப்படியான காரியம் சோடியம் விளக்குதான். இது எங்கள் அப்பாவின் முடிவு. நடுவில் சக்கரம், அச்சு இயந்திரம், தடுப்பூசி என்று சில சில்லறை வேலைகள் நடந்திருப்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் மஞ்சளாக ஒரு வெளிச்சம் வந்து தெருவில் விழுந்த அன்றைக்கே மனிதன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும், அதற்கு மேல் செய்ததெல்லாம் அதிகப்பிரசங்கித்தனம் என்பது அவர் கட்சி.

இந்த முடிவுக்கு அவர் வந்தது மூன்று மாதத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தே முக்கால் மணிக்கு. அதற்கு முன் சோடியம் விளக்கைப் பற்றி அவருக்கு எந்தக் கருத்தும் இருந்ததில்லை. அது எரிந்தது, அவர் அதன் கீழே வேலை பார்த்தார்.

எங்கள் தெருவில் பதினொரு விளக்குக் கம்பங்கள். ஆறாவது கம்பத்தோடு ஒரு வார்டு முடிகிறது, ஏழாவதில் இன்னொரு வார்டு தொடங்குகிறது. ஆறாவதின் கீழே சித்தப்பாவின் கார் பெயிண்டிங் ஷெட். ஏழாவதின் கீழே அப்பாவின் கார் பெயிண்டிங் ஷெட். அம்மாவும் சித்தியும் அக்கா தங்கை. ஆக, அப்பாவும் சித்தப்பாவும் சகலைகள். ஒரே தொழில், ஒரே தெரு, ஒரே மாமனார். இப்படி அமைந்துவிட்ட இரண்டு பேர் பேசிக்கொள்வதே பெரிது. இவர்களோ ஒருவர் ஸ்ப்ரே கன்னை இன்னொருவர் இரவல் வாங்கும் அளவுக்குச் சிநேகமாக இருந்தார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

அன்று ஏணி வண்டி வந்தது. முதல் கம்பத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பழைய விளக்கைக் கழற்றி எல்.இ.டி. மாட்டிக்கொண்டே வந்தார்கள். அப்பா ஷெட் வாசலில் நின்ற வண்டியை ஓரங்கட்டி, கையைத் துடைத்து, தலையைக்கூட வாரிக்கொண்டு தயாராக நின்றார். ஆறாவது முடிந்ததும் ஏணியை மடிக்க ஆரம்பித்தார்கள்.

“ஏம்ப்பா, ஏழாவதை விட்டுட்டியே?”

“லிஸ்டுல ஆறு வரைக்கும்தான் சார். இதுக்கு மேல வேற வார்டு” என்றார் லைன்மேன்.

“அப்ப எங்களுக்கு எப்போ?”

“அதை நீங்க உங்க வார்டுலதான் கேக்கணும்.”

“நான் ஒண்ணும் கேக்கலையே” என்றார் அப்பா, கேட்ட அதே வாயால்.

ஆறரை மணிக்கு அங்கே ஆறு விளக்குகளும் ஒரே நொடியில் பளீரென்று எரிந்தன. சித்தப்பாவின் ஷெட்டில் தொங்கிய சாவிக்கொத்தில் எத்தனை சாவி என்று எங்கள் வாசலில் இருந்தே எண்ண முடிந்தது. எங்கள் ஏழாவது விளக்கு வழக்கம்போல முதலில் லேசாகச் சிவந்து, யோசித்து, கொட்டாவி விட்டு, ஐந்து நிமிடம் கழித்து மஞ்சளானது.

“பாத்தியா?” என்றார் அப்பா. “பெரிய மனுஷன் மெதுவாத்தான் எந்திரிப்பான். கூப்பிட்ட உடனே ஓடி வர்றவன் எடுபிடி.” பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல, “அது எத்தனை வாட்டுடா?”

நான் கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு. வீட்டில் இதுவரை யாரும் அதை ஒரு தகுதியாக எடுத்துக்கொண்டதில்லை. “நூத்தி இருபதுப்பா.”

“நம்மளது?”

“இருநூத்தி ஐம்பது.”

அப்பாவின் முகம் எல்.இ.டி. போல ஒரே நொடியில் எரிந்தது. “அப்ப யாருடா பெரியவன்?”

“அப்படி இல்லப்பா. அது கொஞ்சமா கரண்டைத் தின்னு நிறைய வெளிச்சம் குடுக்கும்.”

“கொஞ்சமாத் தின்னுட்டு நிறைய வேலை பாக்குறேன்னு வர்றவனை நம்பவே கூடாது. நாளைக்கு எதையாவது தூக்கிட்டு ஓடிருவான்.”

இதைப் பொறாமை என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் நாங்கள் அதைக் கொள்கை என்றே குறிப்பிட்டோம். ஆனால் அப்பாவின் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு வயரை இழுத்துவிட்டிருந்தால் ஏழாவதிலிருந்து பதினொன்றாவது கம்பம் வரை பிரகாசமாக எரிந்திருக்கும்.

சித்தப்பா பெருமை பேசியிருந்தால் அப்பா மன்னித்திருப்பார். அவர் பேசவில்லை. வேலை முடிந்ததும் ஷெட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்த வெள்ளை வெளிச்சத்தில் செய்தித்தாள் படித்தார். அதுவும் வரி விளம்பரம் வரைக்கும். “பொடி எழுத்தைப் படிச்சுக் காட்டுறாராம்” என்றார் அப்பா.

பூச்சிகள் முதல் வாரமே அந்தப் பக்கம் போய்விட்டன. பின்னாலேயே பல்லிகள் போயின. பத்து நாள் கழித்து, ஏழாவது கம்பத்தின் கீழே நான்கு வருடமாகப் படுத்திருந்த தெரு நாய் எழுந்து, உடம்பை உதறி, ஐம்பது அடி நடந்து ஆறாவது கம்பத்தின் கீழே போய்ப் படுத்தது. நாய்க்கு நன்றி உண்டு என்று சொன்னவர்கள் எல்லாம் எல்.இ.டி.க்கு முன்னால் வாழ்ந்தவர்கள்.

கடைசியாக அம்மா போனாள். அரிசித் தட்டை எடுத்துக்கொண்டு சித்தி வாசலுக்கு.

“எங்க கிளம்பிட்டே?”

“அரிசியில கல் பொறுக்கத்தாங்க. அங்க வெளிச்சம் நல்லா இருக்கு.”

“சோத்துல கல் இருந்தா நான் என்னைக்காவது சொல்லியிருக்கேனா?”

“சொன்னதில்லைங்க. கத்தியிருக்கீங்க.”

இதெல்லாம் மானப் பிரச்சினை. தொழில் பிரச்சினை வேறு மாதிரி வந்தது.

அப்பாவின் தொழிலில் ஒரு விதி உண்டு. வண்டியை மாலை ஏழு மணிக்கு மேல்தான் திருப்பிக் கொடுப்பார். நிறம் கலப்பதும் அந்த நேரத்தில்தான், கம்பத்துக்குக் கீழே, தெருவில் நின்றபடி. ஷெட்டுக்குள் ஒரு டியூப் லைட் உண்டு. பதினைந்து வருடப் பெயிண்ட் புகை அதன் மேல் படிந்து, தான் என்ன நிறத்தில் எரிகிறோம் என்று அதற்கே தெரியாத நிலை. ஏழாவது கம்பத்தின் மஞ்சளிலோ கதவும் பானெட்டும் எப்போதும் பொருந்தும். எதுவும் எதோடும் பொருந்தும். மறுநாள் வெயிலில் பார்த்துவிட்டு ஓடி வருகிறவர்களிடம் அப்பா, “புது பெயிண்ட் அப்படித்தான் சார். ஒரு மாசம் போனா செட் ஆயிடும்” என்பார். ஒரு மாதத்தில் வாடிக்கையாளர் செட் ஆகிவிடுவார்.

மருந்துக் கடைக்காரரின் கரும்பச்சை வண்டிதான் முதலில் மாட்டியது. பானெட்டுக்குப் புதுப் பெயிண்ட். அவர் எங்கள் வாசலில் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். ஐம்பது அடி போனார். சடக்கென்று பிரேக் போட்டார். இறங்கினார். குனிந்தார். வண்டியின் உடம்பு ஒரு காட்டின் பச்சை, பானெட் வேறொரு காட்டின் பச்சை.

“அண்ணே, இங்க வந்து பாருங்க!” என்று அங்கிருந்தே கத்தினார்.

“அங்க வெச்சுப் பாத்தா எல்லாமே அப்படித்தான் தெரியும் சார்” என்று அப்பா இங்கிருந்தே கத்தினார். “இங்க கொண்டாங்க, சரியாயிடும்.”

“என் கடைக்கு முன்னாடி வெள்ளை லைட்டுண்ணே!”

“அப்ப வண்டியை வீட்டுல நிறுத்துங்க!”

சித்தப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். பானெட்டைப் பார்த்தார். “நல்லாத்தான் சார் இருக்கு” என்றார். அந்த ஆறுதல்தான் அப்பாவை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

அதன் பிறகு வழக்கமாகிவிட்டது. எங்கள் ஷெட்டிலிருந்து போகிற ஒவ்வொருவரும் ஆறாவது கம்பத்தில் நிறுத்தி, இறங்கி, குனிந்து பார்த்தார்கள். அப்பா அவர்களுக்குக் ‘குனியாண்டிகள்’ என்று பெயர் வைத்தார். ராத்திரிச் சாப்பாட்டின்போது எழுந்து நின்று செய்து காட்டுவார். இடது கையை முழங்காலில் ஊன்றி, வலது கையை நெற்றிக்குக் குடையாக வைத்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, “ம்ம்ம்…” என்று இழுப்பார். “கார் கதவைப் பாக்குறாங்களா, கல்யாணத்துக்கு வைரம் பாக்குறாங்களா? கண்ணு இருக்கிறவனுக்கு எதுக்குடா வெளிச்சம்? வெளிச்சத்தைப் பாத்து பெயிண்ட் அடிக்கிறவன் பெயிண்டரா?” அம்மா சிரித்துவிடுவாள். அவ்வளவு தத்ரூபம்.

“அப்பா, மஞ்ச வெளிச்சத்துல நீலமும் சாம்பலும் ஒண்ணாத்தான் தெரியும். அதுல நீலமே கிடையாது” என்றேன் ஒருநாள்.

“அதான்டா சமத்துவம். எல்லா நிறத்தையும் சமமா நடத்துற விளக்கு. இதைப் போய்க் குறைன்னு சொல்லித் தர்றதுக்கா காலேஜுக்கு உன்னை அனுப்புறேன்?”

இந்த நிலையில்தான் டிரைவிங் டீச்சர் வந்தார். அவரிடம் ஐந்து கார்கள், ஐந்தும் ஒரே இளநீலம். ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஓட்டத் தெரியாதவர்கள். ஒரு பெயிண்டருக்கு இதைவிட வற்றாத நதி கிடைக்காது. முந்தின வாரம் ஒரு மாணவர் இடது பக்கக் கதவைக் கேட்டில் தேய்த்திருந்தார்.

“இந்த ஒரு கதவை உங்ககிட்ட குடுத்துப் பாக்குறேன்ண்ணே” என்றார் டீச்சர். “சரியா வந்தா அஞ்சு வண்டியும் இனிமே உங்ககிட்டதான். இல்லைன்னா பக்கத்துல குடுத்துடுறேன்.”

“பக்கத்துல” என்ற சொல்லை அப்பா அதற்குமுன் கெட்ட வார்த்தையாகக் கேட்டதில்லை.

“எல்லாரும் அந்தக் கம்பத்துல நிறுத்திப் பாக்குறாங்களாமே. நானும் பாத்துட்டுத்தான் போவேன்” என்று டீச்சர் சேர்த்துக்கொண்டார்.

“தாராளமாப் பாருங்க டீச்சர்” என்றார் அப்பா.

பகல் முழுக்க வண்டிக்கு வகுப்பு. மாலை ஆறு மணிக்குத்தான் கைக்கு வரும். முதல் நாள் மாலை கதவைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசித் தேய்த்து, பிரைமர் அடித்தார். மறுநாள் பகலில் வண்டி சாம்பல் நிறக் கதவோடு ஊர் சுற்றிவிட்டு வந்தது. அன்று மாலை நிறம்.

அப்பா பெட்ரோல் டேங்கின் வெளி மூடியைக் கழற்றினார். வண்டியின் அசல் நிறத்துக்கு அதுதான் சாட்சி. டப்பாவில் நீலத்தையும் வெள்ளையையும் ஊற்றி, ஒரு சொட்டுக் கறுப்பு விட்டுக் கலக்கி, ஒரு தகட்டில் அடித்துக் காயவைத்தார். ஏழாவது கம்பத்தின் கீழே நின்று மூடியையும் தகட்டையும் சேர்த்துப் பிடித்தார்.

“எப்படி?”

“ஒண்ணாத்தான்ப்பா இருக்கு.”

“பாத்தியா!”

அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, மூடியைத் தன் சாம்பல் நிறப் பேண்ட்டின் பக்கத்தில் பிடித்தார். பொருந்தியது. பக்கத்துச் சுவரில் வைத்தார். சுவரும் பொருந்தியது. என்னைப் பார்த்தார். நான் கம்பத்தைப் பார்த்தேன்.

“சித்தப்பாவுக்குக் குடுத்த ஸ்ப்ரே கன் திரும்பி வந்துச்சா?” என்றார்.

“அது நம்ம ஷெட்டுலதான்ப்பா தொங்குது.”

“எதுக்கும் நல்லா இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுறேன்.”

“ஸ்ப்ரே கன்னையா?”

“சகலையைத்தான்டா!” மூடியையும் தகட்டையும் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பினார்.

மூன்று மாதத்தில் அந்த வார்டு எல்லையை அவர் தாண்டியது அதுதான் முதல் தடவை. அந்த வெளிச்சத்தில் ஐம்பது அடிக்கு அப்பாலும் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பேச்சும் கேட்டது.

“வாங்கண்ணே” என்றார் சித்தப்பா. “என்ன இந்தப் பக்கம்?”

“சும்மா சகலை. காலாற நடக்கலாமேன்னு.”

“நடங்கண்ணே. நடக்குறது நல்லது.”

சட்டைப் பையிலிருந்து மூடி பாதி எட்டிப் பார்த்தது. சித்தப்பா அதைப் பார்த்தார். எழுந்தார். நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார். வாசலில் அம்மாவும் சித்தியும் அரிசித் தட்டின் மேல் தலையைக் குனிந்தார்கள். அன்றைக்கு அரிசியில் கல் நிறைய இருந்திருக்க வேண்டும். ஒருவரும் நிமிரவே இல்லை.

அப்பா கம்பத்தின் கீழே நின்று மூடியையும் தகட்டையும் எடுத்தார். பார்த்ததும் அவர் தோள் இறங்கியது. தகட்டின் நீலத்தில் பச்சை கலந்து தெரிந்தது.

திரும்பி வந்தார். வெள்ளை கொஞ்சம் சேர்த்தார், ஊதா ஒரு துளி விட்டார். அடித்தார், காயவைத்தார், மறுபடி நடந்தார். “இன்னைக்குக் காத்து நல்லா வருது” என்று செய்தித்தாளுக்குச் சொல்லிவிட்டுப் பார்த்தார். திரும்பி வந்தார். மூன்றாவது தடவை காற்றைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை.

நான்காவது தடவை போனபோது தகட்டை மூடியின் மேலேயே ஒட்டிவைத்து, நாய் படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், வெளிச்சம் நேராக விழுகிற இடமாகப் பார்த்துத் தரையில் வைத்தார். இடது கையை முழங்காலில் ஊன்றினார். வலது கையை நெற்றிக்குக் குடையாக வைத்தார். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடினார்.

“ம்ம்ம்…” என்றார்.

நாய் கொஞ்சம் நகர்ந்து படுத்து இடம் விட்டது.