கலாதேவி சொல்லாமல் விட்ட வாக்கியம்

1

இந்தக் கதை ஒரு வெட்கக்கேட்டில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எழுதுகிறவள் கலாதேவி. எழுதப்படுகிறவளும் அவளேதான். 'நான்' என்று தொடங்கினால் கை கூசுகிறது, அதனால் 'அவள்'. வாசகரே, இந்த ஒரு சலுகையை மட்டும் கொடுங்கள்.

2

முதல் தொடக்கம்: "மியூனிக்கில் யோகலிங்கம் என்றொரு வட்டிக்காரர் இருந்தார். கழுத்தில் தடித்த சங்கிலி, கண்ணில்..."

(நிறுத்தினாள். அப்படி ஒருவரும் இல்லை. சம்பளம் வரும்வரை என்று இருநூறு யூரோ கொடுத்து, சம்பளத்தன்று இருநூற்றைம்பதாக வாங்கியவள் அவள். ஒருவரிடமல்ல, ஐந்தாறு பேரிடம். சங்கிலிகூடக் கிடையாது.)

இரண்டாவது தொடக்கம்: "வங்கி கைவிட்டவர்களுக்கு அவள் செய்த உதவி..."

(உதவியாம்! இது அதைவிட மோசம்.)

3

நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம். சஜிதா ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிறவள். இரண்டு வருடமாக மாதக் கடைசியில் கலாதேவியிடம்தான் வாங்குகிறாள். வாடகை பாக்கி விழுந்து, வீட்டைக் காலிசெய்யச் சொல்லிக் கடிதம் வந்ததும், கடன் ஆலோசனை நிலையத்தில் டெர்மின் எடுத்தாள், அதாவது சந்திக்க நேரம் குறித்தாள். அங்கே பேசும் ஜேர்மனை மொழிபெயர்க்க யாரைக் கூப்பிட்டாள் தெரியுமா?

"அக்கா, நீங்கள்தானே டொச் நல்லாக் கதைப்பியள். ஒருக்கா வாறியளோ?"

(கடன் கொடுத்தவளையே யாராவது அங்கே கூட்டிப்போவார்களா என்று கேட்பீர்கள். கலாதேவிக்கும் நம்ப முடியவில்லை. ஆனாலும் போனாள். தன்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று அறிய வேண்டியிருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.)

4

வேறு யாரிடமாவது கடன் உண்டா என்று ஆலோசகர் கேட்டார். கலாதேவி அதைத் தமிழில் கேட்டாள். சஜிதா குரலைத் தாழ்த்தினாள்.

"உங்கட காசையும் சொல்லட்டோ அக்கா?"

"சொல்லும். பேர் வேண்டாம்."

"தெரிஞ்ச ஒரு அக்கா. அவசரத்துக்குத் தாறவா. நல்லவா."

அந்த 'நல்லவா'வையும் கலாதேவி மொழிபெயர்த்தாள். வட்டி எவ்வளவு என்று கேட்டதும் ஆலோசகர் பேனையைக் கீழே வைத்தார். அனுமதி இல்லாமல் வட்டித் தொழில் செய்வது இங்கே குற்றம் என்றார். இந்த வட்டி சட்டப்படி செல்லாது. இவர் அதைக் கட்டத் தேவையில்லை, கட்டியதையும் திருப்பிக் கேட்கலாம் என்றார்.

"என்னவாம் அக்கா?"

"அந்த அக்காவோட கதைச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் கட்டட்டாம்."

சஜிதா ஆறுதலாகத் தலையாட்டினாள். புரிந்துவிட்டது என்று எண்ணி ஆலோசகரும் தலையாட்டினார்.

5

முடிவு, ஒன்று: மறுநாளே கலாதேவி வட்டிப் பணம் முழுவதையும் கொண்டுபோய்...

(கொண்டுபோகவில்லை.)

முடிவு, இரண்டு: விஷயம் தெரிந்து சஜிதா வாசலில் நின்று கத்தினாள்.

(கத்தமாட்டாள். கூட வந்ததற்கு நன்றியென்று ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போயிருக்கிறாள். பெட்டி மேசையில் இருக்கிறது. திறக்க மனம் வரவில்லை.)

மூன்றாவது முடிவு எழுதப்படவில்லை. சஜிதாவுக்கு ஜேர்மன்தான் வராது. தமிழ் நன்றாக வாசிப்பாள், கையில் கொடுத்தால் இந்தக் கதையையும். அடுத்த டெர்மின் வியாழக்கிழமை. அதுவரை, ஆலோசகர் சொன்னது தெரிந்தும் அவளிடம் சொல்லாமல் இருக்கிற தமிழர் இரண்டு பேர். நீங்களும் நானும்.