தெரெரே குடிக்க வந்த ஆறு

பராகுவாய் ஆறு அசுன்சியோன் நகரத்தாரோடு சேர்ந்து முதன்முதலாகத் தெரெரே குடித்தது ஒரு ஜூன் மாத வியாழக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. அன்று ஆற்றோரச் சேரியான சக்கரீதா பள்ளத்தில் செஃபெரினாவின் வாசற்படிவரை வெள்ளம் வந்திருந்தது. தெருவே கட்டில், கோழி, கூரைத்தகரம் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி மேட்டுச் சதுக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. செஃபெரினா மட்டும் அசையவில்லை. அவளுடைய முதல் இரண்டு பிள்ளைகளும் முந்தைய வெள்ளங்களின்போது அந்தச் சதுக்கத்தில், ஒட்டுப்பலகைக் குடிசையில் பிறந்தவர்கள். மூன்றாவது தன் சொந்தக் கட்டிலில்தான் பிறக்கும் என்று நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்துவிட்டாள்.

சாமான் ஏற்ற வந்த பக்கத்துவீட்டுத் திரான்கிலீனோவுக்கும் கணவன் எலீகியோவுக்கும் அவள்தான் தெரெரே ஊற்றினாள். தேயிலை மாதிரியான மாத்தே இலையும் ஐஸ் தண்ணீரும். வட்டத்துக்கே ஒரு கொம்புக்குவளை, ஒரு உறிஞ்சுகுழல். குடித்தவர் அடிவரை உறிஞ்சி ஊற்றுகிறவரிடமே திருப்பித் தரவேண்டும். அவர் மறுபடி நிரப்பி அடுத்தவருக்குத் தருவார். முறை வரும்வரை யாரும் இடத்தைவிட்டு எழமாட்டார்கள். எலீகியோ திருப்பித் தந்த குவளையை அவள் நிரப்பி நீட்டியபோது கை நழுவி அது வெள்ளத்தில் விழுந்தது. மூழ்கவில்லை. குழலில் களகளவென்று சத்தம் வந்தது, இலை வற்றியது, வெற்றுக் குவளை நீரோட்டத்தை எதிர்த்து அவள் காலடிக்கே திரும்பி வந்தது.

"அடியே, ஆறு குடிச்சிட்டுத் திருப்பிக் குடுத்திருச்சுடி!" என்றான் எலீகியோ.

"அப்ப அதுவும் நம்ம வட்டத்துல ஒரு ஆளு. உக்காரட்டும்" என்றாள் செஃபெரினா.

ஆறு உட்கார்ந்தது. துறைமுகத்தில் நான்கு விரல் ஏறியதாக வானொலி சொன்னது. அவள் வாசலில் மயிரிழைகூட ஏறவில்லை, முறைக்குக் காத்திருந்தது. சேதி பரவி வண்டிகள் திரும்பின. இரண்டு நாள் தெருவே மாறி மாறி ஐஸ் சுமந்தது.

சனிக்கிழமை மதியம் செஃபெரினாவுக்கு வலி கண்டது. ஊற்றும் வேலை திரான்கிலீனோவிடம் போனது. அவன் கால்பந்தாட்டப் பெனால்டி ஒன்றைப் பற்றிக் கையாட்டிப் பேசிக்கொண்டே, ஆற்றின் முறையைத் தாண்டி எலீகியோவிடம் குவளையை நீட்டிவிட்டான். அடுத்த நொடி தண்ணீர் கட்டில் காலைத் தொட்டது.

"முறையத் தாண்டிட்டியாடா, பாவி! ஒன் பெனால்டியக் கொண்டுபோய் ஆத்துல போடு!" என்று கட்டிலிலிருந்து கத்தினாள் செஃபெரினா.

அவன் பதறி, "மன்னிச்சிருங்கண்ணே" என்று குவளையை நீரில் வைத்தான். அது நிரம்பியபடியே திரும்பி வந்தது. தண்ணீர் மெத்தை விளிம்புக்கு ஏறியது. செஃபெரினா கையை அதற்குள் விட்டாள்.

"கோவிச்சுக்காதண்ணே. இவன் கிறுக்கன். எம்புள்ளைக்கு நீதான் ஞானத்தகப்பன். ஞானத்தகப்பன் புள்ளைய நனைய விடுவானா?"

தண்ணீர் சிறிது யோசித்தது. பிறகு மெத்தை, கட்டில் கால், படி என்று ஒவ்வொன்றாக இறங்கி, வாசலுக்கு வெளியே போய் நின்றது. மூன்று மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது, உலர்ந்த மெத்தையில்.

ஆகஸ்டில் ஞானஸ்நானத்துக்கு ஆறு தேவாலயப் படிகளில் ஏறி வந்தது; நடுவழியை மட்டும் நனைத்தது, இரண்டு பக்கத்து இருக்கைகளும் நனையவில்லை. பதிவேட்டில் ஞானத்தகப்பன் பெயர் என்ற இடத்தில் பாதிரியார் பராகுவாய் என்று எழுதினார். என்ன தொழில் என்று கேட்டார்.

"படகு சுமக்கிறது, சாமி" என்றாள் செஃபெரினா. அவர் அதையும் எழுதிக்கொண்டார்.