கலங்கலைப் பற்றி ஒரு வியாசம்

பிரெஞ்சுக்காரப் பரிசோதகர் வந்து சொல்லிவிட்டுப் போனபிறகு தையலம்மாளுக்கு நிம்மதி போய்விட்டது. அந்த வருஷத்து செர்த்திபிகா என்கிற படிப்பு முடிக்கும் பரீட்சையில் மூன்று பழைய காகிதங்களைக் கொடுத்து, அவற்றை வைத்தே ஒரு வியாசம் எழுதச் சொல்வார்களாம். நேரம் முக்கால் மணி.

செலியமேட்டுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில், பெண்கள் பள்ளியில் அவள் வாத்தியாரம்மா. பரீட்சைக்குப் போகிற பெண்கள் ஏழு பேர். காகிதத்தைக் கொடுத்தால் சிலர் முக்கால் மணியும் படித்துக்கொண்டே இருந்தார்கள். மற்றவர்கள் முதல் காகிதத்தை அப்படியே பார்த்து எழுதி வைத்தார்கள்.

நாலைந்து நாள் யோசித்து அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு காகிதத்துக்கு ஐந்தே நிமிஷம். படித்ததும் ஓரத்தில் ஒரு வரி எழுத வேண்டும்: யார் எழுதியது, எப்போது, எதற்காக. அதன்பிறகு காகிதங்கள் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முட்டிக்கொள்கின்றன என்று பார்க்க வேண்டும். மிச்ச நேரம் முழுக்க எழுத்து.

பழகுவதற்குக் காகிதம் வேண்டுமே. ஊர் நிர்வாகம் பார்க்கிற கொம்யூன் ஆபீஸில் கழித்துப் போட்ட கட்டிலிருந்து மூன்றை வாங்கி வந்து, ஆள் பெயர்களை விட்டுவிட்டுப் பிரதி எடுத்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர் ஏரி உடைந்த சமாச்சாரம் அது. ஒன்று நிலக்காரர்களின் மனு: கூலிக்காரர்கள் சுவர் வைக்கக் கரை மண்ணைத் தோண்டியதால்தான் ஏரி உடைந்தது என்றது. இன்னொன்று, ஏரி உடைவதற்கு எட்டு நாள் முன்பு மடை காக்கும் ஆள் கொடுத்த அறிக்கை: மிஞ்சின தண்ணீர் வழிகிற கலங்கலை, கூடுதல் தண்ணீர் தேக்க நிலக்காரர்கள் பனங்கட்டை போட்டு அடைத்துவிட்டார்கள், எடுக்கச் சொன்னால் கேட்கவில்லை என்றது. மூன்றாவது, கூலிக்காரர் தெருவில் இடிந்த வீடுகள், செத்தவர்களின் கணக்கு. பெயர் இல்லாவிட்டால் வம்பு இல்லை என்று அவள் நினைத்தாள். தான் வில்லியனூரிலிருந்து வந்த வெளியூர்க்காரி என்பதும், யார் யார் என்று தெரிய ஊர்க்காரர்களுக்குப் பெயர் தேவையில்லை என்பதும் அவளுக்குத் தோன்றவில்லை.

ஏழு பெண்களில் கஸ்தூரி முப்பத்தெட்டு நிமிஷத்தில் முடித்துவிட்டாள். அவள் எழுதியிருந்தாள்: ‘மனு ஏரி உடைந்தபிறகு எழுதப்பட்டது. அறிக்கை உடைவதற்கு முன்பே எழுதப்பட்டது. முன்பே எழுதினவருக்கு மறைக்க வேண்டியது ஒன்றும் இல்லை. ஆகையால் கலங்கலை அடைத்ததே காரணம்.’ தையலம்மாளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடைசி வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது: ‘அடைத்தவர்களில் என் அப்பாவும் ஒருவர்.’

அந்த வரியைத் தையலம்மாள் அடித்துவிட்டாள். காகிதத்தில் இல்லாததை எழுதக்கூடாது என்றாள்.

“ஆனா அது நெசம் வாத்தியாரம்மா,” என்றாள் கஸ்தூரி.

நோட்டு பெஞ்சில் கைமாறியது. கூலிக்காரர் தெருப் பெண் காசம்மாளிடமும் போனது. ஏரித் தண்ணீரில் தம்பியைப் பறிகொடுத்தவள் அவள். சாயங்காலத்துக்குள் கூலிக்காரர் தெரு முழுக்கச் சேதி தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் கஸ்தூரியின் அப்பா, நிலக்காரர் உலகநாதன், நோட்டோடு வந்து வகுப்பு வாசலில் நின்றார். குரலை உயர்த்தவில்லை. பெண் தானாக இப்படி எழுதுகிறவள் என்றால் படித்தது போதும், இன்றைக்கே வீட்டோடு இருக்கட்டும், தையில் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்றார். சொல்லிக் கொடுத்து எழுதினது என்றால் அது வேறே கதை, அதைக் கொம்யூனில் பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

“நீங்க சொல்லுங்க. இது யாரு எழுதினது?”

கஸ்தூரி முன் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம்தான்.

“நான்தான் சொல்லி எழுத வெச்சேன்,” என்றாள் தையலம்மாள்.

அவர் முகம் தெளிந்தது. அதை எழுதிக் கொடுக்கச் சொன்னார். அவள் நின்றபடியே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். கை நடுங்கவில்லை. அதை நினைத்துத்தான் பிறகு அவளுக்கு அவமானமாக இருந்தது.

இடைவேளையில் கஸ்தூரி வந்தாள். படிப்பு நிற்கக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று தையலம்மாள் விளக்கினாள். கஸ்தூரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“நான் எழுதினது இனிமே செல்லாது. நீங்க எழுதிக் குடுத்ததுதான் நிக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குமேல் அவள் வகுப்பில் வாயைத் திறக்கவே இல்லை.

காசம்மாளின் அம்மா வேலம்மாள் இரண்டு நாள் கழித்து வந்தாள், மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொள்ள. மண்ணைத் தோண்டிப் பிள்ளையைக் கொன்றவள் என்று ஊரார் சொல்ல ஐந்து வருஷமாகக் கேட்கிறாளாம். “அவுங்க வூட்டுப் பொண்ணே உண்மைய எழுதிச்சின்னதும் அன்னிக்கி ஒரு ராத்திரி தூங்கினேன்மா. காலைல நீங்க இல்லன்னுட்டீங்க.” திட்டியிருந்தால் தையலம்மாளால் தாங்கிக்கொண்டிருக்க முடியும். வேலம்மாள் கும்பிட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவள் எழுதிக் கொடுத்ததைக் காட்டி, தையலம்மாளை மதகடிப்பட்டுப் பக்கம் மாற்றச் சொல்லி உலகநாதன் மேலே கேட்டிருப்பதாகச் சொன்னார்கள். பரீட்சை வரைக்கும் விட்டு வைத்தார்கள். ஏழு பேரில் ஆறு பேர் எழுதினார்கள். கஸ்தூரி முதலாவதாகத் தேறினாள்.

முடிவு வந்த மறுநாள் தையலம்மாள் இன்னொரு காகிதம் எழுதினாள். முன்பு கொடுத்தது பொய், வியாசம் அந்தப் பெண்ணே எழுதியது, அதில் சொன்ன காரணம் அந்தப் பழைய காகிதங்களிலேயே இருக்கிறது, பயந்துதான் மாற்றிச் சொன்னேன் என்று. கொம்யூன் ஆபீஸ் குமாஸ்தா படித்துவிட்டு, இதைக் கொடுத்தால் மாற்றல் இல்லை, வேலையே போய்விடும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். வில்லியனூரில் அம்மா இவள் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறாள். அவள் யோசித்தாள். முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

வேலை போயிற்று. போகிற அன்று முதலில் கூலிக்காரர் தெருவுக்குப் போய் வேலம்மாளுக்கு அந்தக் காகிதத்தின் பிரதியைப் படித்துக் காட்டினாள். வேலம்மாள் இரண்டாவது தடவையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். காசம்மாள் கரும்பு வெட்டப் போயிருந்தாள். இனிமேல் பள்ளிக்கு அனுப்புவதாக இல்லை என்றாள் வேலம்மாள்.

அங்கிருந்து உலகநாதன் வீட்டுக்கு நடந்தாள். கஸ்தூரி ஊரில் இல்லை, பெண் பார்க்க வந்தவர்களோடு பேசி முடித்து அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வேலைக்காரி சொன்னாள். பிரதியை அந்த வேலைக்காரியிடம் கொடுக்கலாமா என்று தையலம்மாள் கொஞ்ச நேரம் வாசலில் நின்றாள். கடைசியில் கொடுத்துவிட்டு, பஸ் ஏற நடந்தாள். அது கஸ்தூரி கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அவளுக்குத் தெரியவே இல்லை.