ஆண்கள் பக்கத்துப் பெஞ்சு

போதகரால் வர முடியாது என்று சனிக்கிழமை மதியம் தொலைபேசியில் செய்தி வந்தது. கரகண்டாவிலிருந்து வரும் சாலையைப் பனிப்புயல் மூடிவிட்டதாம். மறுநாள் மரித்தோர் ஞாயிறு. அந்த ஆண்டில் காலமானவர்களின் பெயர்களைச் சபையில் வாசிக்கும் நாள்.

ரைன்ஹோல்டு பெக்கெல் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தார். மூன்று பெயர்கள். முதல் இரண்டும் மனைவி ஒட்டீலியாவின் கையெழுத்தில் இருந்தன, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து. மூன்றாவது அவளுடைய பெயர். அதை ஆகஸ்டில் அவரே எழுத வேண்டியிருந்தது.

போர்க்காலத்தில், ஜெர்மானியர்கள் என்பதற்காக, வோல்கா நதிக்கரையிலிருந்து ஊரோடு ரயிலில் ஏற்றி இந்தப் புல்வெளியில் இறக்கிவிட்டபோது அவருக்குப் பதினொரு வயது. போதகர்களை அதற்கு முன்பே போலீஸ் பிடித்துக்கொண்டுபோய்விட்டது. கோயில் இல்லை, மணி இல்லை. பெண்களுக்கு மனப்பாடமாயிருந்த பாட்டுகளும், மாவு மூட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த ஒரு பிரசங்கப் புத்தகமும்தான் மிச்சம். அந்தப் புத்தகத்தை நாற்பது வருடம் வாசித்தவள் ஒட்டீலியா. ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டுத் தாழ்ந்த குரலில் வாசிப்பாள். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தாள். இறந்தவர்களை அடக்கம் செய்தாள். தண்ணீரும் வசனமும் இருந்தால் போதும், கை யாருடையது என்று ஆண்டவர் பார்ப்பதில்லை என்பாள்.

திருவிருந்தின் அப்பமும் ரசமும் கொடுக்க மட்டும் தொலைவிலிருந்து ஒரு முதியவர் வருடத்துக்கு ஒருமுறை வந்துபோவார். அன்றைக்கு ரைன்ஹோல்டு வெளியே வாசலில் நிற்பார். போலீஸ் வந்தால் இரண்டு முறை இருமவேண்டும்.

பிறகு காலம் மாறியது. சபையைப் பதிவு செய்தார்கள். பேராயர் வந்தார், ஆலோசனைச் சங்கம் வந்தது, முத்திரையும் வந்தது. சனங்கள்தான் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். அவருடைய மகனும் போனான். இப்போது ஜெபவீட்டில் இடப்பக்கம் ஏழு பெண்கள், வலப்பக்கத்து ஆண்கள் பெஞ்சில் அவர் ஒருவர். அடுத்த வாரத்திலிருந்து இந்த வீட்டை மூடி, எல்லோரையும் நகரத்துச் சபையோடு சேர்த்துவிடுவதாகச் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. ஒட்டீலியாவின் பெயரை அவள் வாசித்த வீட்டிலேயே வாசிப்பதென்றால் நாளைக்குத்தான். நாளையை விட்டால் கிடையாது.

ஜெபவீட்டில் எமிலி ஷாஃப்னர் அடுப்பில் கரி போட்டுக்கொண்டிருந்தாள். எண்பத்தொரு வயது. பெர்த்தா தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவர் செய்தியைச் சொன்னார்.

"அப்ப நீயே வாசிச்சிடுப்பா," என்றாள் எமிலி. "எனக்குக் கண்ணு தெரியாது. மத்தவங்களுக்கு இந்தப் பழைய எழுத்து வராது. இவளுக்குக் குரலே கிடையாது."

"புருஷன்கிட்ட கத்த மட்டும் இருந்துது," என்றாள் பெர்த்தா.

"என்னால முடியாதுக்கா."

"ஏன், எழுத்து மறந்துபோச்சா?"

"வாசிக்கிறவங்க திடப்படுத்தல் எடுத்திருக்கணும். ஒட்டீலியா வெச்ச ஒழுங்கு."

"அதுக்கென்ன இப்போ?"

"நான் எடுக்கலை."

பெர்த்தாவின் துடைப்பம் நின்றது.

"அப்ப திருவிருந்து அன்னிக்கெல்லாம் வாசல்ல நின்னியே..."

"அதுக்காகத்தான். திடப்படுத்தல் எடுக்காதவனுக்குத் திருவிருந்து கிடையாதே."

"போன வருஷங்கூட நின்னியேய்யா! போலீஸ்காரன் பொண்டாட்டியே பாட்டுக் கேக்க வந்து உக்காந்திருந்தா. யாருக்குய்யா காவல் காத்தே?"

எமிலி சிரித்த சிரிப்பில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஆகஸ்டுக்குப் பிறகு இப்போதுதான்.

பிள்ளைகளோடு சபைக்கு முன்னால் நின்று பதில் சொல்லித் திடப்படுத்தல் எடுக்கவேண்டிய வயதில் அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தார். அப்புறம் வெட்கம். ஈஸ்டருக்கு முந்திய ஒவ்வொரு லெந்து காலத்திலும் ஒட்டீலியா கேட்பாள், "இந்த வருஷம் நீயும் நில்லேன், ரைன்ஹோல்டு." அடுத்த வருஷம் என்பார். கடைசி வசந்தத்திலும், தலையணையில் சாய்ந்துகொண்டு, கேட்டாள். அப்போதும் அதையேதான் சொன்னார்.

"இங்க வந்து நில்லு," என்றாள் எமிலி. "ஞானோபதேசக் கேள்வி பதில் ஏதாவது தெரியுமா, இல்ல சுத்தமா கிடையாதா?"

அவள் கேட்டாள். அவர் சொன்னார். நாற்பது குளிர்காலம் சமையலறையில் ஒட்டீலியா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தபடி கேட்டிருக்கிறார். பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் எல்லாம் வந்தன. ஒட்டீலியா மூச்சுக்கு நிறுத்தும் இடங்களில் அவரும் நிறுத்தினார். ஞானஸ்நானத்தைப் பற்றிய பதிலின் நடுவே, "காலை ஆட்டாதே" என்று அவள் பிள்ளைகளை அதட்டுவதும் சேர்ந்து வந்துவிட்டது.

பெர்த்தா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"அவளேதான்," என்றாள் எமிலி. "நாளைக்குச் சபைக்கு முன்னால சொல்லு. நாங்க தலையில கை வெக்கிறோம்."

"போதகர் கேட்டா?" என்றாள் பெர்த்தா.

"ஒட்டீலியா கொடுத்த ஞானஸ்நானமெல்லாம் செல்லும்னு ஏட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டாரில்ல? இதையும் எழுதிக்கட்டும்."

ஞாயிறு காலை, அறுபத்து நான்கு வயதில், ரைன்ஹோல்டு ஏழு பெண்களுக்கு முன்னால் நின்று பதில் சொன்னார். எமிலியும் பெர்த்தாவும் அவர் தலையில் கை வைத்தார்கள். பெர்த்தாவின் கையில் வெங்காய வாசனை. ஆமென் சொல்லி முடித்ததும் அவர் மேசைக்குப் பின்னால் போய்க் குறிப்பேட்டைத் திறந்தார்.

பெயர் வாசித்ததும் அந்த வீட்டார் தங்கள் இடத்திலிருந்து எழுந்து நிற்பது வழக்கம். முதல் பெயருக்குப் பெர்த்தா, தன் கணவனுக்காக, எழுந்தாள். இரண்டாவது பெயருக்கு எமிலி, தங்கைக்காக, முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒட்டீலியா பெக்கெல்," என்று வாசித்தார்.

ஒருவரும் எழவில்லை. அடுப்பில் கரி வெடித்தது. அவர் ஏட்டைப் பார்த்தார், ஆண்கள் பக்கத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நடந்தார்.

"வாசிச்சுக்கிட்டே எங்கே போறாருக்கா?" என்று பெர்த்தா கிசுகிசுத்தாள்.

"சும்மா இரு," என்றாள் எமிலி. "வீட்டுக்காரன் எழுந்திருக்க வேண்டாமா?"

ஆண்கள் பக்கத்துப் பெஞ்சில், கதவோரம், தம் வழக்கமான இடத்தில் ரைன்ஹோல்டு போய் உட்கார்ந்தார். கைகளை முழங்காலில் ஊன்றினார். எழுந்து நின்றார்.